எந்தக் கோலால் அளந்த கடல்?

சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: இத்தனை வேலி, இத்தனை குழி என்று சொல்வதோடு அவை நின்றுவிடுவதில்லை. எந்தக் கோலால் அளந்த குழி என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று. நெல் என்றால் எந்த மரக்கால் என்று. தஞ்சைப் பெரிய கோயிலில் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயரே உண்டு. தமிழ் எம்.ஏ. வகுப்புகளில் வெறும் வாய்பாடாகத் தாண்டப்படும் இடங்கள் இவை. ஆனால் அரசியல் இருப்பது இங்கேதான். கோல் நீண்டால் குழி குறையும், குழி குறைந்தால் இறை குறையும். குடிக்கும் அரசுக்கும் நடுவே கிடந்த சண்டையில் பாதி, கோலின் நீளம் பற்றிய சண்டை.

20-ஆம் நூற்றாண்டில் நம் கடலையும் அளந்தார்கள். கோலுக்குப் பதில் கப்பல், சாணுக்குப் பதில் வலை. இத்தனை லட்சம் டன் மீன் இருக்கிறது, இதில் இத்தனை பிடிக்காமல் வீணாகிறது என்று அறிக்கைகள் வந்தன. அந்த எண்களை வைத்து விசைப்படகுகள் கொடுக்கப்பட்டன, அயல்நாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் தரப்பட்டது, கட்டுமரக்காரன் 'பின்தங்கியவன்' ஆனான். இந்த எண்களை எந்தக் கோலால் அளந்தார்கள் என்ற கேள்வியை நம்மிடையே அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு முறையியல் இருக்கிறது, அதற்கு நூறாண்டு வரலாறும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெண்ணாடத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர், கடல் கண்ணுக்கெட்டாத தூரம். ஆனால் ஊருக்குத் தெற்கே ஓடுகிற வெள்ளாறு போய்ச் சேர்வது பரங்கிப்பேட்டையில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு, அதை மெய்கண்டாரை முன்வைத்துப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விஷயத்தின் எலும்பைப் பார்த்துவிடலாம். ஒரு கப்பல் ஒரு மணி நேரம் மடியை இழுத்து 80 கிலோ மீன் எடுக்கிறது. இந்த 80 கிலோ கடலைப் பற்றிய செய்தியா, கப்பலைப் பற்றிய செய்தியா? இரண்டும்தான். அங்கே இருந்த மீனின் அடர்த்தியையும் அந்தக் கப்பலுக்கும் வலைக்கும் உள்ள பிடிதிறனையும் பெருக்கி வந்த விடைதான் அது. பெருக்கி வந்த விடையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு இரண்டு காரணிகளையும் தனித்தனியே சொல் என்றால் எந்தக் கணக்கு வாத்தியாராலும் முடியாது. இன்ஜினின் குதிரைத்திறன், வலை வாயின் அகலம், கண்ணியளவு, பலகையின் எடை, இழுக்கும் வேகம், இரும்புக் கயிற்றின் நீளம், தலைமை மாலுமியின் கை, இவ்வளவும் அந்த 80-க்குள் கலந்து கிடக்கின்றன. அடுத்த வருஷம் வேறு கப்பல் போய் 160 கிலோ எடுத்தால் மீன் இரட்டிப்பாயிற்று என்று சொல்வதா, கப்பல் பெரிதாயிற்று என்று சொல்வதா?

இந்தக் கேள்வியைக் கணக்காக முதலில் எழுப்பியவர்களில் முக்கியமானவர் வால்டர் கார்ஸ்டாங். 1900-இல் இங்கிலாந்தில், கடல் வறுமைப்பட்டுவிட்டது என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அப்போது பாய்மரக் கப்பல்கள் போய் நீராவி இழுவைக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. கரைக்கு வரும் மொத்த மீன் குறையவில்லை. ஆகவே கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றனர் முதலாளிகள். கார்ஸ்டாங் செய்தது எளிமையான வேலை. ஒரு நீராவிக் கப்பல் எத்தனை பாய்க்கப்பலுக்குச் சமம் என்று மதிப்பிட்டார். கப்பல்கள் வலுத்து வந்ததால் அந்தச் சமன் எண்ணை ஆண்டு போகப் போகக் கூட்டிக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் 'பாய்க்கப்பல் அலகு' ஆக்கி வகுத்துப் பார்த்தால், 1889-க்கும் 1898-க்கும் இடையே ஓர் அலகுக்குக் கிடைத்த மீன் கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தது. மொத்த எண்ணிக்கை மறைத்ததை ஒரு சமன் எண் வெளியே கொண்டுவந்தது. மீன்வளப் புள்ளியியலின் தொடக்கத்திலேயே, வலுத்த கருவி தேய்ந்த கடலை மறைக்கும் என்ற எச்சரிக்கை இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த எச்சரிக்கை எழுதப்பட்ட அதே ஆண்டுகளில்தான் காலனியத்தின் இழுவைக் கப்பல்கள் நம் பக்கம் வரத் தொடங்கின. வங்கத்தில் 1908-09-இல் 'கோல்டன் கிரௌன்'. பம்பாயில் 1921-22-இல் 'வில்லியம் காரிக்'. இலங்கையில் 1920 முதல் 1923 வரை 'லில்லா'. நம் மாகாணத்தில் 1927-இல் தொடங்கி 'லேடி காஷென்'. இது ஆளுநரின் மனைவி பெயர். அதன் ஆய்வை மதராஸ் மீன்வளத்துறையின் சுந்தரராஜ் 1930-இல் வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஒரு கப்பல், ஒரு வலை, ஒரு மாலுமிக் கூட்டம். ஒன்றோடொன்று பக்கத்தில் பக்கமாக ஓடிப் பார்த்ததில்லை. லில்லா சொன்ன கிலோவையும் லேடி காஷென் சொன்ன கிலோவையும் அடுத்தடுத்து ஒரே அட்டவணையில் எழுதினால், பன்னிரு சாண் கோல் குழியையும் பதினாறு சாண் கோல் குழியையும் கூட்டிய மாதிரிதான்.

இதைவிட ஆழமான ஒரு மௌனம் அந்த வரைபடங்களில் இருந்தது. இழுவை மடி மட்டமான தரையில்தான் ஓடும். பாறை இருந்தால் வலை கிழியும். அப்படிப்பட்ட இடங்களை 'கெட்ட தரை' என்று குறித்துவிட்டுக் கப்பல் விலகிப் போகும். நம் ஆட்கள் அதைப் 'பார்' என்பார்கள். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேர்படுத்திக் கணியம் பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போடுகிற இடம் அது. ஒருவன் கருவிக்குக் கெட்ட தரை, இன்னொருவன் கருவிக்குச் சோறு. அளவுக் கருவி எதைத் தொட முடியாதோ அது புள்ளிவிவரத்தில் பூஜ்யம்கூட ஆவதில்லை, வெற்றிடமாகிவிடுகிறது. பூஜ்யத்துக்காவது ஒரு மதிப்பு உண்டு.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் இந்தக் கதையில் தனி அத்தியாயம். 1928-இலிருந்து 1935 வரை கொழும்பிலிருந்து 'புல்புல்' அங்கே மடி இழுத்தது. போருக்குப் பிறகு 'ராக்லன் காஸில்', அதற்கும் பிறகு 'மேப்பிள் லீஃப்' என்று கப்பல்கள் மாறின. இலங்கையின் சிவலிங்கமும் கனடாவின் மெட்காஃபும் 1957-இல் அந்த மேட்டின் விளைதிறனைப் பற்றி ஆய்வு எழுதினார்கள். முப்பது ஆண்டுத் தொடர், நடுவே போர்க்கால இடைவெளி, கப்பலோ வேறு வேறு. இப்படிப்பட்ட தொடரில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறபோது கடலின் மூச்சைப் பார்க்கிறோமா, கப்பல் கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறோமா என்ற சந்தேகம் கூடவே வர வேண்டும். 1976 மார்ச்சில் கடல் எல்லை ஒப்பந்தத்தோடு வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு என்றாயிற்று. அதையொட்டிய கடிதப் பரிமாற்றத்தில் இலங்கைக் கப்பல்கள் ஆறு மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் போகாமல், மூன்று ஆண்டுகள் பிடிக்கலாம் என்று எழுதினார்கள். கப்பல் எண்ணிக்கையையும் டன்னையும் சேர்த்தே கட்டுப்படுத்தியதைப் பாருங்கள். 'ஆறு கப்பல்' என்று மட்டும் விட்டால் கப்பலின் அளவில் விளையாடலாம் என்பது ராஜதந்திரிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் வயலுக்குத் திரும்புவோம். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை தெரியும். வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டி, அறுத்து, அடித்து, நிறுத்து, அதிலிருந்து வட்டாரத்தின் மகசூலைச் சொல்வார்கள். காப்பீடு வருமா வராதா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. ஆகவே கட்டத்தை எங்கே போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று சண்டை நடக்கும். இந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய விவாதம் உண்டு. வங்கத்தில் மகலனோபிஸ் சின்ன வட்டங்களில் அறுத்தார். சுகாத்மே, சின்ன வட்டம் மகசூலை மிகையாகக் காட்டுகிறது என்று 1946-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். காரணம் ரொம்பச் சாதாரணம்: வட்டத்தின் விளிம்பில் நிற்கிற பயிரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்று வரும்போது அறுக்கிறவன் கை உள்ளே சேர்த்துவிடுகிறது. வட்டம் சிறிதானால் விளிம்பின் பங்கு பெரிது, பிழையும் பெரிது. மகலனோபிஸ் தரப்பு, ஆட்களைச் சரியாகப் பழக்கினால் இந்தப் பிழை வராது என்றது. அவரிடம் இன்னொரு நல்ல யோசனையும் இருந்தது. ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பு, இருவரும் தனித்தனியே மாதிரி எடுக்கட்டும், இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார். அந்த விலகல்தான் உன் எண்ணின் நாணயம். நிலமும் ஒன்று, காலமும் ஒன்று, அளக்கிறவன் மட்டும் வேறு.

கடலுக்கும் இதேதான் வழி. அது தற்செயலும் இல்லை. இந்தியாவில் கடல் மீன் பிடிப்பை மாதிரி எடுத்து மதிப்பிடும் முறையைப் பற்றி 1958-இல் 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் எழுதியவர்கள் அதே சுகாத்மே, பான்சே, அவர்களோடு சாஸ்திரி. வயற்காட்டுக் கட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் கடற்கரைக்கு வந்தார்கள். 1947-இல் தொடங்கி, பிறகு மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த வழியில் கட்டிய முறை கரையில் நின்று எண்ணுவது. இறங்குதுறையையும் நாளையும் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து, முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை ஆறு வரை, மறுநாள் காலை ஆறிலிருந்து நண்பகல் வரை நின்று, வருகிற படகுகளில் எடுப்பார்கள். பதினைந்து படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும், அதிகமானால் சிலவற்றை மட்டும். இரவுப் பிடிப்பை விசாரித்து எழுதுவார்கள். உலக அளவில் மதிக்கப்படுகிற முறை, ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. கரைக்கு எவ்வளவு வந்தது என்பதை அது நன்றாகவே சொல்லும். கடலில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்தான் மறுபடி படகின் பிடிதிறன் குறுக்கே வந்து நிற்கும்.

அந்தப் பிடிதிறனோ சும்மா நிற்கவில்லை. 1957-இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. எந்த மடி அதிகம் பிடிக்கிறது, எந்தப் பலகை நன்றாக விரிகிறது என்று இரண்டு வலைகளை மாற்றி மாற்றி இழுத்து, மாறுபாட்டுப் பகுப்பாய்வு போட்டு, 1964 முதல் 'ஃபிஷரி டெக்னாலஜி' இதழில் வெளியிட்டுக்கொண்டே வந்தார்கள். கருவி ஒப்பீட்டுப் புள்ளியியல் நம் நாட்டில் இல்லாமல் இல்லை என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. ஆனால் கேள்வி வேறு. 'எந்த வலை அதிகம் பிடிக்கும்?' என்பதற்காக அந்தக் கணக்கு போடப்பட்டது. அதே அட்டவணையைத் திருப்பி வைத்து, 'சென்ற ஆண்டு வலைக்கும் இந்த ஆண்டு வலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் கடலில் மிச்சம் என்ன?' என்று கேட்டிருக்கலாம். ஒரு நிறுவனத்தின் வேலை கோலை நீட்டுவது, இன்னொன்றின் வேலை அளப்பது. முயற்சி அலகைச் சமன்படுத்த வேண்டும் என்று மண்டபத்து ஆட்களும் எழுதத்தான் செய்தார்கள். கொள்கை வகுக்கிறவர்கள் காதில் விழுந்தது டன் மட்டும்.

சரி, ஒப்பிடுவது எப்படி? பொதுவில் இது நிபுணர் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். அப்படி ஒன்றும் புரியாத விஷயமில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் விற்கிற பெண்கள் கூறு கட்டி வைப்பார்கள். ஒரு அம்மா கூறும் இன்னொரு அம்மா கூறும் ஒன்றாக இருக்காது. யாருடைய கூறு பெரிது என்று தெரிய வேண்டுமானால் ஒருத்தியிடம் திங்கட்கிழமையும் மற்றவளிடம் வெள்ளிக்கிழமையும் வாங்கிப் பிரயோஜனமில்லை, அதற்குள் மீன் வரத்தே மாறியிருக்கும். ஒரே நாள், ஒரே வேளை, இருவரிடமும் வாங்கி நிறுக்க வேண்டும். அப்படிப் பல நாள். இதுதான் இணை இழுப்பு. இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கமாக, ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில், ஒரே கால அளவு இழுக்கும். யார் வலப்பக்கம் யார் இடப்பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வார்கள். இணை என்பதால் கடலின் அடர்த்தி இரு பக்கத்துக்கும் கிட்டத்தட்டப் பொது, வகுத்தால் அடிபட்டுப் போகும், பிடிதிறன்களின் விகிதம் மட்டும் மிஞ்சும். பெருக்கலாக இருப்பதை மடக்கை எடுத்துக் கூட்டலாக்கினால் சாதாரண மாறுபாட்டுப் பகுப்பாய்விலேயே போட்டுவிடலாம். கல்லண்ட் 1956-இலும் ராப்சன் 1966-இலும் பல கப்பல்களின் பிடிதிறனை ஒரே சமன்பாட்டில் பிரித்தெடுத்தது இந்த வழியில்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் மீன் நெல் மாதிரி பரவலாக நிற்பதில்லை, கூட்டமாக ஓடுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். முதல் கப்பல் 20 இழுப்பில் 19 தடவை 40 கிலோ எடுக்கிறது, ஒரே ஒரு தடவை பெருங்கூட்டம் மாட்டி 2,000 கிலோ. இரண்டாவது கப்பல் 20 தடவையும் 60 கிலோ. சராசரி பார்த்தால் முதலாவதுக்கு 138, இரண்டாவதுக்கு 60. முதல் கப்பல் இரண்டு மடங்குக்கு மேல் திறமை என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் 20 இணையில் 19-இல் ஜெயித்தது இரண்டாவது கப்பல்தானே! எந்தக் கணிதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே விடை தலைகீழாகிறது. இன்னும் ஒன்று: கப்பலுக்குக் கப்பல் ஒரே ஒரு விகிதம் போதாது. இறாலுக்கு ஒரு விகிதம், சங்கராவுக்கு ஒன்று, காரலுக்கு ஒன்று. குட்டி மீனுக்கும் பெரிய மீனுக்கும் வேறு. பகலில் ஒன்று, இரவில் ஒன்று. பிரெஞ்சு ஆய்வாளர் டொமினிக் பெல்லெட்டியே 1998-இல் இந்த ஒப்பீட்டு முறைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் பீட்டர் மன்ரோ வேறொரு கேள்வி கேட்டார்: விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்தியே ஆகவேண்டுமா? விகிதம் 1.2 என்று வருகிறது, ஆனால் உண்மை 0.7-லிருந்து 2.0 வரை எங்கும் இருக்கலாம் என்றால், திருத்துவதால் பழைய பிழை போகும், புதிய தடுமாற்றம் வந்து சேரும். எது பெரிது என்று பார்த்துத் திருத்து, இல்லையென்றால் விட்டுவிடு என்பது அவர் விதி. தன் அறியாமையின் அளவையும் கணக்கில் சேர்க்கிற இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கொள்கை ஆவணங்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

மெய்கண்டார் பிறந்தது எங்கள் ஊர் என்பது மரபு. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் முதலில் வைத்தது அளவை. அளவை என்றால் அறியும் வழி. அளக்கும் கருவிக்கும் அதே சொல்தான். காட்சி, கருதல், உரை என்று மூன்று. கப்பல் எடுத்துவந்த மீன் காட்சி. அதிலிருந்து சமன் எண் வழியாகக் கடலின் இருப்புக்குப் போவது கருதல். மூன்றாவதான உரையைத்தான், அதாவது கடலோடியின் சொல்லைத்தான், நவீனப் புள்ளியியல் அளவையாக ஏற்க மறுத்தது. சைவர் சொன்ன உரை ஆகமம், மீனவன் பேச்சு இல்லை என்று பண்டிதர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கட்டும்.

உரையைத் தள்ளியதால் நேர்ந்ததற்கு இரண்டு சம்பவங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1980-களில் பெரிய இழுவைக் கப்பல்களின் மணிக்கணக்குப் பிடிப்பு நன்றாகவே இருந்தது. கருவி வலுத்துக்கொண்டே வந்தது, மிச்சமிருந்த மீனும் கூட்டம் கூடியது. ஆகவே எண் விழவில்லை. கரையோரச் சிறு மீனவர்களோ காட் மீன் குறைகிறது, சிறுத்துவிட்டது என்று கத்தினார்கள். அவர்கள் சங்கமே உயிரியலாளர்களை வைத்து அரசின் மதிப்பீட்டை 1986-இல் மறுஆய்வு செய்ய வைத்தது. 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டாவது அமெரிக்காவில். 'ஆல்பட்ராஸ் 4' என்ற ஆய்வுக் கப்பலில் மடியை இழுக்கும் இரண்டு இரும்புக் கயிறுகளில் நீளக் குறிகள் தவறாகப் போடப்பட்டிருந்தன. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை; கயிறு விட விட வித்தியாசமும் கூடியது. 2000-லிருந்து எட்டு ஆய்வுப் பயணங்கள் இப்படியே நடந்தன. 2002-இல் விஷயம் வெளியே வந்ததற்கு மீனவர்களின் சந்தேகமே காரணம். இழுவலை ஊழல் என்றே பெயர் வைத்தார்கள். அதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று விஞ்ஞானிகள் பிறகு சோதித்துச் சொன்னார்கள். நம்பத்தான் ஆளில்லை. அதன் பிறகு நடந்தது நமக்கு முக்கியம். மீனவர்கள் உட்கார்ந்த ஆலோசனைக் குழுவோடு புதிய வலையை வடிவமைத்தார்கள். பழைய கப்பலை ஓய்வுக்கு அனுப்புமுன் 2008-இல் அதையும் புதிய 'ஹென்றி பி. பிகலோ'வையும் ஒன்றாக ஓடவிட்டு 600-க்கு மேற்பட்ட இணை இழுப்புகள் எடுத்தார்கள். மீன் வகை வாரியாகச் சமன் எண் கணக்கிட்டார்கள். பழைய கோல் உயிரோடு இருக்கும்போதே புதிய கோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

நம் கதைக்கு வருவோம். 1946-இல் பம்பாயில் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடி நிலையத்தில் 'மீனா', 'அசோக்', 'பிரதாப்' என்று அளவிலும் வலுவிலும் வேறு வேறான கப்பல்கள் ஓடின. ஜப்பானிய 'டாயோ மாரு 17'-ம் அந்தக் கடலில் ஓடியது. அந்த நிலையம்தான் 1974-இல் ஆய்வு மீன்பிடித் திட்டமாகி, 1983-இல் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனமானது. அதன் அறிக்கைகளின் மொழி 'மணிக்கு இத்தனை கிலோ' என்பது. கப்பல் பெயர் எழுதியிருக்கும், நேர்மையாகவே. ஆனால் மேலே போகப் போக, பணிக்குழு, அமைச்சகம், திட்டக்குழு என்று எண் ஏற ஏற, கப்பல் பெயர் கழன்றுபோய் டன் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தது. கல்வெட்டில் கோலின் பெயரை அழித்த மாதிரி. 1991-இல் இந்தியக் கடலின் சாத்திய விளைச்சல் 39 லட்சம் டன் என்றார்கள். அதே ஆண்டில்தான் கூட்டு முயற்சி, குத்தகை என்று அயல்நாட்டுக் கப்பல்களுக்குக் கதவு திறந்த புதிய ஆழ்கடல் கொள்கை. பிடிக்காமல் கிடக்கும் 'உபரி' என்பது அதன் வாதம். அதே மதிப்பீட்டின்படி விளைச்சலில் பாதிக்கு மேல் 50 மீட்டர் ஆழத்துக்குள், அதாவது சிறு மீனவர்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்த கடலில்தான் இருந்தது. 1994 நவம்பரில் மீனவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். 1995-இல் முராரி குழு அமைந்தது. 1996-இல் உரிமங்களை ரத்து செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. அந்தப் போராட்டம் வென்றது தெருவில். எண்ணின் களத்தில் போராட்டம் நடக்கவே இல்லை.

அதனால் எண் தொடர்ந்து வளர்ந்தது. 2000-இல் 39.3 லட்சம், 2011-இல் 44.1 லட்சம், 2018-இல் 53.1 லட்சம் டன். தரவும் முறையும் மேம்பட்டதால் உயர்ந்தது என்று காரணம் சொல்வார்கள், அதில் உண்மையும் இருக்கும். ஆனால் மதிப்பீட்டுக்கு மதிப்பீடு கருவியும் முறையும் மாறும்போது, கூடியது கடலா கோலா என்று பிரித்துச் சொல்லும் கடமை எண்ணை வெளியிடுகிறவனுக்கு. 2014-இல் மீனாகுமாரி குழு இன்னும் கப்பல்கள் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தபோது மறுபடி கரையெங்கும் எதிர்ப்பு. மறுபடியும் நாம் எண்ணைத் தொடவில்லை.

நம் தோழர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். ஃபூக்கோவைச் சொல்லி, புள்ளியியல் என்பது ஆளுகையின் கருவி, எண் என்பது அதிகாரத்தின் சொல்லாடல் என்று முடித்துக்கொள்வது சுலபம். நானும் அந்தப் பக்கங்களைப் படித்தவன்தான். அந்தச் சொல்லாடலுக்குள்ளேயே அதைக் கேள்வி கேட்கும் கருவி இருக்கிறது என்பதைத்தான் விட்டுவிடுகிறோம். 'உங்கள் கப்பலையும் எங்கள் படகையும் பக்கத்தில் பக்கமாக ஓட்டிக்காட்டு', 'எத்தனை இணை இழுப்பு?', 'பிழை எல்லை என்ன?', 'பாரில் எத்தனை தடவை இழுத்தாய்?', இந்த நான்கு கேள்விகளுக்கும் கணிதம் தெரிந்த எந்த அதிகாரியும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். கேட்க டிகிரி வேண்டாம்.

காலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. சோழமண்டலக் கரையில் கட்டுமரம் வேகமாக மறைந்தது. அதற்கு முன்பே விசைப்படகின் இன்ஜின் பெருத்தாயிற்று; இரட்டைமடியும் சுருக்குமடியும் சட்டத்தோடு கண்ணாமூச்சி ஆடின. 1983 சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலைச் சிறு மீனவனுக்கு ஒதுக்கியதாகச் சொன்னது. அந்த மூன்று மைலுக்குள் அன்றைக்குக் கட்டுமரத்துக்குக் கிடைத்த மீனையும் இன்றைக்குக் கண்ணாடியிழைப் படகுக்குக் கிடைக்கிற மீனையும் ஒப்பிட்டுத்தான் கடல் தேய்ந்ததா என்று நீதிமன்றத்தில் காட்ட முடியும். அதற்கு ஒரு கண்ணாடியிழைப் படகு எத்தனை கட்டுமரம் என்ற சமன் எண் வேண்டும். கட்டுமரம் நம் கரையிலிருந்து முற்றாக அழிந்துவிடவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு மீனவர் சங்கம் பருவத்துக்கு முப்பது நாள், ஒரே விடியலில், ஒரே பாட்டில், ஒரே கண்ணி வலையோடு இரண்டையும் இறக்கி, யார் வடக்கே யார் தெற்கே என்று சீட்டுப் போட்டு, வந்த மீனை வகை வாரியாக நிறுத்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். தராசு இருக்கிறது, நோட்டு இருபது ரூபாய். கணக்குப் போட்டுக் கொடுக்க அந்த முகத்துவாரத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.